கடைசியா ஓடுன அன்னைக்கு மழையா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே ஒரு குறுகலான மாடிப்படி. கீழிருந்து மல்லிகை வாசம் ஏறி வரும், மேலிருந்து ஈயப்பற்று வைக்கும் புகை இறங்கி வரும். இரண்டும் கலக்கும் இடத்தில் நின்று அப்பா மூச்சு வாங்கினார். என் கையில் பழைய கைலியில் சுற்றிய சிபியு. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, மடியிலேயே வைத்துக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து கொண்டு வந்திருந்தோம்.

மேசையில் வைத்ததும் கடைக்கார அண்ணன் திருகாணியைத் தொடவில்லை. அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, கடைசியா ஓடுன அன்னைக்கு மழையா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கணினிக்கு என்ன நேர்ந்தது என்று முதன்முறையாக ஒருவர் கேட்கிறார். முந்தின வாரம் வேறொரு கடைக்குப் போயிருந்தோம். பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்கள், "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். மூடியைக் கழற்றவே இல்லை. 1,800 வெள்ளிக்கு ஒரு விலைப்பட்டியல் கையில் வந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வீடு வரும்வரை பேசவில்லை.

அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். 2006-ல் வாங்கிய அந்தக் கணினியில் அவர் எழுதிய பள்ளி நாடகங்கள் இருக்கின்றன. ஆசிரியர் தினத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் எழுதியவை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, காற்றாடி சுற்றவில்லை, ஒரு சத்தமும் இல்லை. செத்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்துவிட்டோம்.

அது சாகவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடாமல் போய், அதனாலேயே வீசப்படும் மேசைக் கணினிகளில் பலவும் சாகவில்லை. இதை உரக்கச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அழைப்பு மணி

கணினியின் முன்பக்கப் பட்டனை நாம் விளக்கு சுவிட்ச் மாதிரி நினைக்கிறோம். அழுத்தினால் கரண்ட் பாயும், விட்டால் நிற்கும் என்று. பழைய கணினிகள் அப்படித்தான் இருந்தன. 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகு பட்டன் வெறும் அழைப்பு மணி ஆகிவிட்டது. மணியை அழுத்தினால் உள்ளே இருப்பவர் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

அந்த விழித்திருக்கும் ஆள்தான் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம். கணினியை அணைத்த பிறகும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை பவர் சப்ளைக்குள் ஒரு சிறு சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஊதா வயர் வழியாக அது மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயரைத் தரையோடு இணைக்கும். அப்போதுதான் பெரிய சுற்று எழும், 12, 5, 3.3 வோல்ட்டுகள் பிறக்கும், காற்றாடி சுற்றும். கால் வினாடி போலக் கழித்து, எல்லா வோல்ட்டும் சரியாக நிற்கிறது என்று சாம்பல் வயரில் ஒரு செய்தி வரும். அந்தச் செய்தி வந்த பிறகுதான் கணினியின் மூளையான பிராசஸர் வேலையைத் தொடங்கும்.

இந்த வரிசையில் எந்த இடத்தில் தடை விழுந்தாலும் நாம் சொல்வது ஒரே வார்த்தை: "ஆன் ஆகல." வைத்தியம் பிசகுவது இங்கேதான். ஒரு சத்தமும் இல்லை என்றால் சுவர், கேபிள், பவர் சப்ளை என்ற பக்கம் தேட வேண்டும். காற்றாடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்திருக்கிறது. காற்றாடி நன்றாகச் சுற்றித் திரை மட்டும் இருட்டாக இருந்தால் அது பெரும்பாலும் கரண்ட் சிக்கல் இல்லை, ரேம் அல்லது திரையின் கேபிள். பழுதுபார்ப்பவரிடம் போனில் பேசும்போது "ஆன் ஆகல" என்பதோடு நிறுத்தாமல், விளக்கு எரிகிறதா, காற்றாடி அசைகிறதா, எந்தச் சத்தம் கேட்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சுவரிலிருந்து தொடங்குவோம்

நம் மலேசிய மூன்று முனை பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. பெரும்பாலும் 13 ஆம்பியர், சுண்டுவிரல் நகத்தைவிட நீளமான வெள்ளைக் குழல். கணினி ஓடவில்லை என்று கடைக்கு வருபவர்களில் இப்படி ஒரு ஃபியூஸ் இருப்பதே பலருக்குத் தெரியாது என்று அண்ணன் சொன்னார். அதே கேபிளை ரைஸ் குக்கரிலோ திரையிலோ பொருத்திப் பார்த்தால் கேபிளின் நலம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். சிபியுவின் பின்புறம், பவர் சப்ளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்து கிடப்பது உண்டு. பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்புத் தள்ளு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அதைத் தொடவே கூடாது. நம் 230 வோல்ட்டில் அதை 115-க்குத் தள்ளிவிட்டால் வெடிச் சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொரு பழக்கம் என்னை உண்மையாகவே கவலைப்பட வைக்கிறது. இரு முனை பிளக்கை மூன்று முனைத் துளையில் செருக, மேல்துளையில் பேனா மூடியைக் குத்தித் திறப்பது. நம் வீடுகளில் பிள்ளைகள்கூட அதைச் செய்கிறார்கள். அந்த மேல்துளைதான் எர்த். எர்த் இல்லாமல் ஓடும் கணினியின் இரும்புப் பெட்டியை வெறுங்காலோடு தொட்டால் விரல் சுரீர் என்னும். பவர் சப்ளையின் வடிகட்டி தரைக்கு அனுப்ப வேண்டிய சிறு கசிவு போக வழியில்லாமல் பெட்டியில் நிற்பதால் வரும் சுரீர் அது. "பழைய கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று பழகிவிடாதீர்கள். வீட்டு வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டிய அடையாளம் அது.

பணச் செலவே இல்லாத ஒரு வைத்தியமும் உண்டு. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். கரண்ட் ஏறி இறங்கும்போது பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். சுவர் மின்சாரம் முழுக்கப் போனால்தான் அந்தப் பூட்டு திறக்கும். எத்தனையோ கணினிகள் இதிலேயே எழுந்திருக்கின்றன.

200 நாள் இடி

அண்ணன் மழையைப் பற்றிக் கேட்டது சும்மா இல்லை. கோலாலம்பூரிலும் சுபாங் பக்கத்திலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி கேட்கிறது. உலகில் மின்னல் மிகுந்த வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் வானம் கறுக்காத நாள் குறைவு. காலையெல்லாம் வெயிலில் காய்ந்த நிலம், மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரம், கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். 3 மணிக்கு மேல் மேகம் கோபுரமாக எழுகிறது.

மின்னல் நம் வீட்டு மேலே விழ வேண்டும் என்பதில்லை. தெருவுக்கு அப்பால் விழுந்தாலும் மின்கம்பியில் ஒரு கணம் வோல்ட் எகிறும். பவர் சப்ளையின் வாசலில் வேரிஸ்டர் என்று நாணயம் போல ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. எகிறி வரும் வோல்ட்டைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றுவது அதன் வேலை. பெரிய அடியாக இருந்தால் அது வெடித்துக் கருகும், அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் ஃபியூஸும் அறும். பார்த்தால் பவர் சப்ளையே எரிந்தது மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கருகல் பல நேரம் மதர்போர்டையும் ஹார்ட்டிஸ்க்கையும் காப்பாற்றிய கருகல்.

ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவையின் காலம் நினைவிருக்கும். இடி இடித்தால் "மோடத்தைப் பிடுங்கு!" என்று அம்மாக்கள் கத்திய காலம். தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாக மின்னல் மோடத்துக்குள் வந்து, அங்கிருந்து நெட்வொர்க் கேபிளில் இறங்கி மதர்போர்டை அடித்துவிடும். 2010-ல் யூனிஃபை இணையம் கண்ணாடி இழையோடு வந்த பிறகு அந்த வாசல் மூடியது, கண்ணாடியில் மின்னல் ஓடாது. சுவர் பிளக்கின் வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. கரண்ட் போய்த் திரும்பி வரும் முதல் வினாடியும் ஆபத்தானது. 1996 ஆகஸ்டு 3 மாலை தீபகற்ப மலேசியா முழுதும் மின்தடையில் இருண்டது நினைவிருப்பவர்கள் உண்டு. அன்றும் இன்றும் பொருந்தும் பழக்கம் ஒன்று இருக்கிறது: கரண்ட் போனதும் கணினியின் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள், திரும்பி வந்து சிறிது நேரம் நிலைத்த பிறகு போடுங்கள்.

இடி இடித்ததும் ஈஎல்சிபி என்ற மின்கசிவுக் காப்புச் சுவிட்ச் டிரிப் ஆகி வீடு இருண்டுபோவதும் நமக்குப் பழகியதுதான். மேலே தூக்கி விட்டால் போதும். விட்ட மறுகணமே மறுபடி விழுந்தால் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கணினியைச் செருகும்போது மட்டும் விழுந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஹேர் டிரையர் வைத்தியம்

அண்ணனின் மழைக் கேள்விக்கு அப்பா பதில் சொன்னார். "மழைதான் தம்பி. இடி ரொம்பக் கிட்ட. பயந்து பிளக்கைப் புடுங்கிட்டேன்."

"இடி விழறதுக்கு முன்னாடியா, விழுந்த பின்னாடியா?"

"முன்னாடியே புடுங்கிட்டேன். மறுநாள் செருகினா உயிரே இல்ல."

"மத்த நாள்ல புடுங்குவீங்களா ஐயா?"

"இல்லையே. பட்டன்ல அணைச்சிட்டுப் போயிடுவேன். சுவர் சுவிட்ச் எப்பவும் போட்டுத்தான் இருக்கும்."

அண்ணன் தலையசைத்தார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பிளக் சுவரில் இல்லாதபோது விழுந்த இடி கணினியை எப்படிக் கொல்லும் என்பதுதான் அவர் மனத்தில் ஓடிய கணக்கு.

பெட்டியைத் திறந்து, பவர் சப்ளையின் வயர்களை மதர்போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஊதா வயரிலும் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் வைத்தார். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எண் 1.8-க்கும் 2-க்கும் நடுவே தள்ளாடியது. விழித்திருக்க வேண்டிய ஆள் எழ முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர் எடுத்தது ஹேர் டிரையர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையின் காற்றுத் துளை வழியாக மூன்று நிமிடம் சூடான காற்றை ஊதினார். மறுபடி செருகினார். மீட்டரில் எண் மெல்ல ஏறி 5.04-ல் நின்றது. பழைய ஹார்ட்டிஸ்க் ஒன்றைச் சுமையாகப் பொருத்தி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தார். காற்றாடி சுற்றியது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அண்ணன் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். காத்திருப்புச் சுற்றைத் தட்டி எழுப்புவது ஒரு சின்னக் காப்பாசிட்டர், மிளகாய் விதையை நாலைந்து மடங்கு பெரிதாக்கின மாதிரி ஓர் உருளை. அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது ஆண்டுக்கணக்கில் உலர்ந்துகொண்டே வரும். ஓடிக்கொண்டிருக்கும் வரை குறை தெரியாது, ஓடும் சூடே அதற்குத் தெம்பு. ஒருமுறை முழுக்க அணைந்து ஆறிவிட்டால் அதன் உள்தடை கூடிவிடும், மறுபடி எழுப்பத் திராணி இருக்காது. ஆண்டுக்கணக்கில் சுவரிலேயே இருந்த பிளக்கை அப்பா இடிக்குப் பயந்து பிடுங்கிய அந்த ஒரு நாள்தான் அதன் முதுமை வெளியே வந்தது. நாங்கள் எல்லாரும் பழியை மின்னலின் மேல் போட்டோம்.

இந்த வகைக் காப்பாசிட்டரின் உடம்பில் 105 டிகிரி என்று எழுதியிருக்கும். சாதாரண ரகம் அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் என்பது வழக்கமான உத்தரவாதம். ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பவர் சப்ளைக்குள் 55 டிகிரி என்றால் 64,000 மணி நேரம், இடைவிடாமல் 7 ஆண்டு. அதே இடத்தில் தூசி அடைத்து, காற்று போகாமல் 65 டிகிரி ஆனால் பாதியாகிவிடும். ஏர்கோன் இல்லாத கிள்ளான் அறையில், சுவரோடு ஒட்டி வைத்த கணினியின் ஆயுளைத் தின்பது சூடுதான். ஒரு சாண் தள்ளி வைப்பதும் ஆண்டுக்கு ஒருமுறை தூசி ஊதுவதும் பணம் கேட்காத காப்பீடு.

இந்தச் சின்ன உருளைகள் உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்களையே ஆட்டி வைத்த காலமும் இருந்தது. 1999-க்குப் பிறகு சில ஆண்டுகள், குறைபாடுள்ள திரவத்தோடு தைவானில் தயாரான காப்பாசிட்டர்கள் கோடிக்கணக்கில் சந்தைக்கு வந்தன. உச்சி உப்பி, பழுப்புத் திரவம் கக்கி, மதர்போர்டுகள் வரிசையாக விழுந்தன. டெல் நிறுவனம் 2005-ல் இதைச் சரிசெய்ய 30 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. அந்தக் காலத்துக் கணினி உங்கள் வீட்டு ஸ்டோரில் கிடந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். மதர்போர்டில் நிற்கும் உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும், பூரி மாதிரி உப்பியிருந்தால் அதுதான் நோய்.

பார்ப்பதோடு நில்லுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் பெரிய காப்பாசிட்டரில் 325 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிற்கலாம். அண்ணன் திறக்கும்போது நானே பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருந்தார். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் மீட்டரை வைத்து அளந்து, பூஜ்யம் பார்த்த பிறகே ஈயப்பற்றுக் கோலை எடுத்தார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகக் கடக்கும் என்பதற்காக அந்த ஒரு கைப் பழக்கம். எத்தனை ஆண்டுத் தொழிலுக்குப் பிறகும் அதை அவர் விடவில்லை.

பல்லி, எறும்பு, ஈரம்

கணினிக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்குக்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். நம் ஊரில் அந்தக் குறிப்பேட்டின் பக்கங்கள் பல்லிகளால் நிரம்பும். பவர் சப்ளையின் இதமான சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே போகும், இரண்டு முனைகளுக்கு நடுவே கிடந்து தானும் கருகிக் கணினியையும் அணைத்துவிடும். எறும்பு சுவர் சுவிட்சுக்குள்ளேயே கூடு கட்டும், மேலே அழுத்தினாலும் உள்ளே முனைகள் சேராது. பின்புறத்தில் காலியாக இருக்கும் துளைகளைத் தகட்டு மூடியால் அடைத்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

ஈரம் வேறு கதை. பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் மூடி வைத்த கணினி எழாமல் போனால் ரேமைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை மாணவர்களின் வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூசி தட்டி, 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்தித் திரும்பப் பொருத்துங்கள். 2020 மார்ச் 18-ல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கியபோது, ஸ்டோரிலிருந்து எடுத்த எத்தனையோ கணினிகள் இந்த அழிப்பானால்தான் எழுந்தன. கடைகள் மூடியிருந்த நாளில் பக்கத்து வீட்டு அங்கிள்கள் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளுக்கு அந்தப் பழைய பெட்டி ஒரு வகுப்பறையாக இருந்தது.

சேறு வடிந்த பிறகு

2021 டிசம்பர் 18. அந்தத் தேதியைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மறக்காது. ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரு நாளில் பெய்தது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுகி, மக்கள் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நீர் வடிந்த பிறகு தெருவோரம் மெத்தை, அலமாரி, குளிர்ப்பெட்டியோடு கணினிகளும் மலை மலையாகக் குவிந்தன. அதில் ஒரு குவியலில் பிள்ளையின் பெயர் ஒட்டிய சிபியு சேறு வழிய நின்றதை நான் பார்த்தேன். இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தக் குவியல்களில் காப்பாற்றியிருக்கக் கூடியவை இருந்தன. வெள்ளத்தில் நனைந்த கணினியைக் கொல்வது பெரும்பாலும் "ஓடுதா பார்ப்போம்" என்று அவசரமாகப் போடும் கரண்ட். சேற்று நீரில் உப்பும் அழுக்கும் இருக்கின்றன, மின்சாரம் அதில் தாறுமாறாக ஓடும். செருகாதீர்கள். மதர்போர்டில் பொத்தான் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள், கரண்ட் இல்லாதபோதும் ஈரமான பலகையை அரிக்கச் செய்வது அதன் 3 வோல்ட்தான். பலகையைச் சுத்தமான நீரில் அலசி, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகப் பல நாள் காய விட்டால் எழ வாய்ப்பு உண்டு. பவர் சப்ளையை மட்டும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். நீரில் முழுகிய ஹார்ட்டிஸ்க்கை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். அதன் மூடியில் காற்றுக்கு ஒரு நுண்துளை இருக்கிறது, அது வழியாக நீர் போயிருக்கும்.

பெட்டிக்குள் இருக்கும் தமிழ்

கணினி எழவில்லை என்றதும் வரும் பெரிய பயம் உள்ளே இருப்பது போய்விட்டதோ என்பது. கரண்ட் ஏறாத கணினியில் ஹார்ட்டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி யுஎஸ்பி இணைப்பான் ஒன்றில் பொருத்தினால் வேறு கணினியில் திறந்துவிடலாம். எங்களுக்கும் அண்ணன் அதைத்தான் முதலில் செய்து கொடுத்தார். என் மடிக்கணினியில் அப்பாவின் கோப்புகள் எல்லாம் வந்தன. திறந்தால் ஓர் எழுத்தும் தமிழில் இல்லை. கோடும் புள்ளியும் வெளிநாட்டு எழுத்துமாக ஒரே குழப்பம்.

காரணம் எளிது. ஒருங்குறி (யூனிகோட்) எங்கும் பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறியீடுகள் இருந்தன. 1985-ல் இந்த நாட்டிலிருந்து முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைக் கொண்டுவந்த நாள் முதல், மலேசியத் தமிழர் கணினியில் எழுதியது பெரும்பாலும் முரசு வழியாகத்தான். பிறகு வந்த முரசு அஞ்சலில் மடலும் நாளிதழும் திருமண அழைப்பிதழும் பிறந்தன. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் எந்தக் குறியீடு என்பது பெரிய பேச்சாக இருந்தது. அப்பா பழகிய திஸ்கி குறியீட்டு எழுத்துருவை அவர் விடவே இல்லை. அந்த எழுத்துரு அந்தப் பழைய பெட்டியில் இருக்கிறது, அதில் கோப்புகள் பளிச்சென்று தமிழாகத் திறக்கின்றன. கோப்பைக் காப்பாற்றியது போதவில்லை, பெட்டியையும் எழுப்ப வேண்டியிருந்தது.

கோயில் நிர்வாகக் குறிப்புகள், மன்றங்களின் ஆண்டறிக்கைகள், தோட்டம் மூடப்பட்ட காலத்தில் யாரோ தட்டச்சு செய்து வைத்த பெயர்ப் பட்டியல்கள். நம் சமூகத்தின் இருபது, முப்பது ஆண்டு நினைவு இப்படி ஓடாத பெட்டிகளில் கிடக்கிறது. உங்கள் சங்கத்தின் ஸ்டோரில் ஒன்று இருந்தால் பழைய சாமான்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது இந்தக் கெஞ்சலுக்கு அவசரமும் கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடும் கணினிகளே வாசலுக்கு வருகின்றன, ஓடாதவற்றின் கதி சொல்ல வேண்டாம். இணையத்தில் இணைக்காமல் எழுத மட்டும் வைத்துக்கொண்டால் பழைய பெட்டி இன்னும் பல காலம் பயன்படும். 2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடுதான். வேறு நாடுகளின் ஓடாத கணினிகள் கொள்கலனில் ஏறிக் கிள்ளான் துறைமுகத்துக்கே வருவதையும், அதிகாரிகள் அவற்றைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதையும் செய்தியில் பார்க்கிறோம். 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்கழிவு இங்கே எஸ்டபிள்யு 110 என்ற எண்ணில் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. அதைத் திறந்தவெளியில் எரித்துச் செம்பு எடுக்கும் புகையில் ஈயமும் நச்சும் கலந்திருக்கும். ஒரு காப்பாசிட்டரை மாற்றி இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டினால் ஒரு பெட்டி அந்தப் புகைக்குப் போகாது.

அண்ணன் இரண்டு காப்பாசிட்டர் மாற்றினார். ஒன்று குற்றவாளி, மற்றது அதன் பக்கத்தில் வயதாகி நின்றது. காற்றாடிக்கு ஒரு சொட்டு எண்ணெய், ரேமுக்கு அழிப்பான், மதர்போர்டுக்குப் புதிய பொத்தான் பேட்டரி. 35 வெள்ளி வாங்கிக்கொண்டார். அப்பா 50 வெள்ளியை நீட்டி மீதி வேண்டாம் என்றார். அண்ணன் கேட்கவில்லை. "ஐயா, எனக்கும் நாலாம் வகுப்புல ஒரு தமிழ் வாத்தியார் இருந்தாரு" என்று மீதியை அப்பாவின் சட்டைப் பையில் செருகினார். அங்கே ஏற்கெனவே மடித்து வைத்திருந்த 1,800 வெள்ளி விலைப்பட்டியலை அப்பா எடுத்து மேசையில் வைத்தார். அண்ணன் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எந்தக் காப்பாசிட்டரை எந்தத் தேதியில் மாற்றினார் என்று எழுதிப் பெட்டியின் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார். அடுத்து யார் திறந்தாலும் தெரிய வேண்டுமாம்.

கிள்ளான் வீட்டில் இப்போது தினமும் காலையில் வேலை நடக்கிறது. அப்பா பழைய பெட்டியில் ஒரு நாடகத்தைத் திறந்து, திரையைப் பார்த்துப் படிக்கிறார். நான் மடிக்கணினியில் குறியீட்டு மாற்றியில் போட்டு வந்ததை ஒப்பிட்டு, பிறழ்ந்த எழுத்தைத் திருத்துகிறேன். மூன்று நாடகங்கள் ஒருங்குறிக்கு வந்துவிட்டன, இன்னும் 26 இருக்கின்றன. பிற்பகலில் மேற்கே வானம் கறுத்ததும் அப்பா எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். மறுநாள் காலை செருகிப் பட்டனை அழுத்துகிறார். காற்றாடி சுற்றும் சத்தம் சமையலறை வரை கேட்கிறது.